பச்சைப் புண்

அண்ணன் மகன் முன்கையில் ஒரு இறகு குத்திக்கொண்டு வந்தான். கூடவே டாட்டூ கடையில் கொடுத்த துண்டுச் சீட்டு, எட்டு வரி. அதே வாரம் அவன் கூட்டாளி வேறொரு கடையில் மணிக்கட்டில் குத்திக்கொண்டான். அவனுக்கும் ஒரு சீட்டு. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்று, மூன்று நாளைக்குத் தண்ணீரே படக்கூடாது என்றது. இன்னொன்று தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னது. ஒன்றில் ஆன்டிபயாடிக் களிம்பு, மற்றதில் தேங்காய் எண்ணெய். இரண்டும் ஒத்துப்போனது ஒரே வரியில்தான்: சொறியாதே. அண்ணி இரண்டு சீட்டையும் தள்ளி வைத்துவிட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மஞ்சள் தூளை எடுத்தார்.

ஆளுக்கொன்று, அதுவும் அடித்துச் சொல்கிறார்கள். எது எதற்கு ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தேன்.

முதலில் தெரியவேண்டியது, நாம் எதைப் பராமரிக்கிறோம் என்பது. ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் அடித்தோலில் மையை விடுகிறது. உடம்புக்கு அந்த மை அந்நியப் பொருள். தோலில் காவல் இருக்கும் விழுங்கு செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் செத்தால் மை வெளியே வரும், பக்கத்தில் புதிதாக வரும் செல் அதை மறுபடி விழுங்கிக்கொள்ளும். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். ஆக, டாட்டூ நிலைத்து நிற்பது நாம் மேலே பூசும் எதனாலும் அல்ல. ‘நிறத்தைப் பூட்டி வைக்கும்’ என்று விற்கும் கிரீம்களை இங்கேயே தள்ளிவிடலாம். நம் கையில் இருப்பது மேல்தோல் மட்டும்: அது சீக்கிரம் மூட வேண்டும், மூடும்வரை கிருமி ஏறக்கூடாது, பொருக்கு தடிமனாகக் கட்டக்கூடாது. தடித்த பொருக்கு ஆழமாகப் பிடிக்கும். அது பிய்ந்தால் அடியிலிருக்கும் மையையும் கொண்டுபோய்விடும், கோட்டின் நடுவில் வெள்ளைத் திட்டு விழும்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ‘ஒன்றும் பூசாதே, காற்றாட விடு’ என்ற கட்சி முதல் சுற்றிலேயே தடுமாறுகிறது. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக இருந்தவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடின. காரணம் எளிது. காய்ந்த புண்ணில் புதுச் செல்கள் பொருக்குக்கு அடியில் குடைந்து போக வேண்டும், ஈரமான புண்ணில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனாலும் காற்றாட விடுகிறவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் அதிகம் பூசிக் கெடுப்பதில்லை.

அதிகம் பூசுவதுதான் நம் ஊர் வியாதி. மூன்றாம் நாள் காலை பையனின் கையைப் பார்த்தேன். வாசலினைக் கேக்கில் கிரீம் அப்புவது போல அப்பியிருந்தான். டிஷ்யூவால் துடைத்ததும் அடியில் தோல், நெடுநேரம் துணி துவைத்த விரல் நுனி மாதிரி வெளுத்து ஊறிக் கிடந்தது, ஓரத்தில் நாலைந்து வியர்க்குரு. சென்னை வெயிலில் அந்தப் பூச்சுக்கு அடியில் வியர்வை எங்கே போகும்? பெரிய அரிசி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து, மேலே பளபளப்பு மட்டும் தெரிந்தால் போதும்.

ஆன்டிபயாடிக் களிம்பு விஷயத்தில் எனக்கே ஒரு சாய்வு இருந்தது. கீறல் என்றால் சோஃப்ராமைசின் என்று வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு சோதனை அந்தச் சாய்வை ஆட்டிவிட்டது. சிறு தோல் அறுவை செய்துகொண்ட சுமார் 900 பேரில் ஒரு பாதிக்கு வெறும் வெள்ளை வாசலின், மறு பாதிக்கு பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. தொற்றில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. களிம்பு பூசியவர்களில் நாலு பேருக்கு ஒவ்வாமைத் தடிப்பு, வாசலின் பக்கம் ஒருவருக்கும் இல்லை. நியோமைசினும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. நம் சோஃப்ராமைசினில் இருக்கும் ஃப்ராமைசெட்டின் அதற்கு உடன்பிறப்பு. ஒரு ஆட்சேபம் எழலாம்: அது டாக்டர் சுத்தமாக அறுத்த புண், டாட்டூ கடை ஆபரேஷன் தியேட்டர் இல்லையே? சரிதான். ஆனால் கடை சுத்தமில்லை என்றால் அதற்கு மருந்து களிம்பு அல்ல, வேறு கடை.

அடுத்து, இப்போது கடைகளில் ஒட்டிவிடும் மெல்லிய பாலியூரிதீன் படலம். ஆஸ்பத்திரியில் டிரிப் ஊசி மேல் ஒட்டுவார்களே, அந்த ஜாதி. நீராவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. வின்டர் சொன்னதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். கூட்டாளிக்கு இதைத்தான் ஒட்டியிருந்தார்கள். மறுநாள் படலத்துக்கு அடியில் மையும் ஊனீரும் கலந்து கறுப்புத் தண்ணீராகத் தேங்கியதைப் பார்த்து அவன் பயந்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது அதே நாள் சாயந்திரம் நடந்தது: மணிக்கட்டு மடியும் இடத்தில் ஓரம் கழன்று கசிய ஆரம்பித்தது. கசியும் படலம் கிருமிக்கு வாசல், அக்கணமே எடுத்துவிட வேண்டும். அவனோ அதன்மேல் செல்லோடேப் ஒட்டினான். ஏ.சி. அறையில் உட்காருகிறவரின் தோளுக்கு இது முதல்தரம். நாள் முழுக்க வண்டியில் சுற்றுகிறவரின் மணிக்கட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சமையலறைக் கிளிங் ஃபிலிமை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மூச்சு விடாது, வீடு வந்து சேரும்வரைதான் சரி.

மஞ்சளுக்கு வருகிறேன். அண்ணியின் வாதம் லேசானதல்ல. குறத்திகள் வீடு வீடாக வந்து பச்சை குத்திய காலத்தில் மேலே தடவியது மஞ்சள்தான், அவருடைய ஆத்தா கையில் அந்தக் கோலம் கடைசிவரை இருந்தது. ஆனால் நாம் பார்ப்பது ஆறிய கைகளை மட்டும். சீழ் பிடித்த கையின் கதையை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. மஞ்சளிலிருக்கும் குர்க்குமின் சோதனைக் குழாயில் சில கிருமிகளை அடக்குவது உண்மை. அஞ்சறைப் பெட்டித் தூள் சோதனைக் குழாய் அல்ல. ஈரக் கரண்டி போய் வந்த தூள் அது, திறந்த புண்ணில் மண் போல உட்காரும். தேங்காய் எண்ணெய்க்கு அவ்வளவு குற்றமில்லை, தோல் உரிந்து முடிந்தபின் தாராளமாகத் தடவலாம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு சீட்டுமே பாதி சரி. கழுவ வேண்டும், ஊறவிடக் கூடாது. அமெரிக்காவில் 31 வயதுக்காரர் ஒருவர் காலில் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். கடல் நீரிலிருக்கும் விப்ரியோ கிருமி புண் வழியே ஏறியதில் இறந்துபோனார். 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் அவர் விவரம் வந்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. எல்லாருக்கும் இப்படி ஆகாது. அதற்காக ஆறாத கையோடு மெரினாவில் இறங்கவும் வேண்டாம்.

என் கணக்கில் வரிசை இப்படி: வாசனையில்லாத சோப்பில் தினம் இரண்டு வேளை கழுவி, வீட்டுத் துண்டால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி, முதல் மூன்று நாலு நாள் வாசலின் லேசாக, பிறகு வாசனையில்லாத லோஷன். இடம் தோதாக இருந்தால் படலம் இதற்குச் சமம், சோம்பேறிகளுக்கு இதைவிட மேல். காற்றாட விடுவது மூன்றாவது. ஆன்டிபயாடிக் களிம்பும் மஞ்சளும் வேண்டாம்.

இரண்டு சீட்டின் மீதும் என் பெரிய குற்றச்சாட்டு இதில் எதுவுமில்லை. 2012-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு டாட்டூவில் ஒரே மாதிரி தடிப்பு வந்ததை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு ஒன்று, சாம்பல் நிற மைக்குள்ளேயே இருந்தது. அவர்கள் எதைப் பூசியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. சீட்டோ எட்டு வரியிலும் ‘நீ செய், நீ செய்யாதே’ என்று குத்திக்கொண்டவரையே பொறுப்பாக்குகிறது. எந்தக் கம்பெனி மை, எந்த பேட்ச் என்று ஒரு வரி இல்லை. மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால், சில வாரம் கழித்து நிறத்தின் மேல் மட்டும் தடிப்பு எழுந்தால் டாக்டரிடம் போ என்று ஒரு வரி இல்லை. எட்டாவது வரிக்குக் கீழே இடம் நிறையவே இருந்தது.

எட்டாம் நாள் காலை குளியலறையிலிருந்து சத்தம். “சித்தப்பா, இறகு உதிருது, வாங்களேன்!” போய்ப் பார்த்தால் தரையில் கறுப்பாக, பென்சில் சீவல் மாதிரி மெல்லிய தோல் சுருள்கள். மேல்தோல் போகிறது, கூடவே அதில் சிக்கிய மை. கையில் இறகு இருந்த இடத்தில் இருந்தது, பாலாடை மூடியதுபோல மங்கலாக. அது தெளிய இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்றேன். அவன் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சுருளைப் பிடித்து இழுக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன்.