பொத்தானை அழுத்தினால் அடுப்பு

சிறு பிள்ளைகளோடு வார இறுதியில் கிளம்பும் குடும்பத்துக்கு, ஆஸ்திரேலியப் பூங்காக்களின் பொது பார்பிக்யூ அடுப்பு ஒரு வரம். மேடை மீது எவர்சில்வர் தட்டு, ஒரு பொத்தான். அழுத்தினால் மின்சாரத்தில் சூடேறும். சற்று நேரத்தில் தானே அணையும், மறுபடி அழுத்தலாம். பெரும்பாலும் காசு கிடையாது.

சமைத்து முடித்தவர்கள் தட்டைத் துடைத்து வைக்கிறார்கள். முகம் தெரியாத அடுத்த குடும்பத்துக்கு எவ்வளவு அழகான மரியாதை!

இப்படி அடுப்புள்ள ஓர் இடம் பிரிஸ்பேனின் சவுத் பேங்க், 1988 உலகக் கண்காட்சி நடந்த ஆற்றங்கரை. 1992-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள செயற்கைக் கடற்கரையில் பிள்ளைகள் மணலில் குழி தோண்ட, அடுப்படியில் சாஸேஜ், வெங்காயம், மசாலா தடவிய கோழி, பனீர் எல்லாம் அக்கம்பக்கமாக வேகும்.

தோசைக்கு மட்டும் யோசிக்க வேண்டும். எண்ணெய் வடிவதற்காகத் தட்டு நடுத்துளையை நோக்கிச் சரிந்திருக்கும். மாவைக் கெட்டியாகக் கரைத்து, ஓரமாக ஊற்றுவது நல்லது.