காழியும் கண்காணிப்புக் குழுவும்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மாலை விகடன் இணையதளம் வாசகர் பலருக்குத் திறக்கவில்லை. மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலிருந்து அறிவிப்பு வந்ததோ மறுநாள்தான். தளத்தை முடக்குமாறு கோரிக்கை வந்துள்ளது, அதிகாரிகள் குழு 17-ஆம் நாள் கூடி ஆராயும் என்றது அது. கதவை அடைத்த பின்னர் வீட்டுக்காரனுக்கு ஓலை!

குற்றம் யாது? விகடன் ப்ளஸ் மின்னிதழில் வெளியான ஒரு கேலிச்சித்திரம். அமெரிக்க அதிபர் டிரம்பின் அருகே பிரதமர் மோடி விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக அது வரையப்பட்டிருந்தது. அம்மாதத் தொடக்கத்தில் இந்தியர் பலர் விலங்குடன் இராணுவ விமானத்தில் திருப்பியனுப்பப்பட்டதை அறிந்தோர்க்கு அதன் கருத்தை விளக்க வேண்டியதில்லை. மிகைப்படுத்துதல் கேலிச்சித்திரத்தின் இலக்கணம். அதைப் பிழையென்பது உவமையைப் பொய்யென்பதை ஒக்கும். பிழையென்றே கொண்டாலும், ஒரு சித்திரத்திற்காகத் தளம் முழுவதையும் முடக்குவது எவ்வகை நீதி? மார்ச் 6-இல் சென்னை உயர்நீதிமன்றம், சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிடுமாறு இடைக்கால ஆணையிட்டது.

விகடனுக்கு இது புதிதன்று. 1987-இல் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பகடி செய்த அட்டைப்படத்திற்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எங்கும் எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அதுவும் அநீதியே. ஆயினும் அந்த அநீதிக்கு ஒரு முகம் இருந்தது. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் என்று நாடறிந்தது. தண்டித்தவர்கள் அடுத்த தேர்தலில் மக்கள் முன் நிற்க வேண்டியவர்கள்.

இன்றைய குழுவினர் எவர் முன்னும் நிற்க வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்கீழ் 2009-இல் வகுத்த விதிகள், முறையீட்டையும் நடவடிக்கையையும் இரகசியமாகக் காக்கச் சொல்கின்றன. 2015-இல் உச்சநீதிமன்றம் 66-ஏ பிரிவைச் செல்லாதென்று தள்ளிய அதே தீர்ப்பில் 69-ஏ தப்பியது. எங்கள் செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், ஏழாம் நூற்றாண்டில் குன்றைக் குடைவித்த மகேந்திரவர்மப் பல்லவன்கூடத் தன் விருதுப்பெயரைக் கல்வெட்டில் பொறித்துவிட்டே போனான்!

நம் ஃபிக்ஹு மரபில் கண்காணிப்பு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஹிஸ்பா என்பது அதன் பெயர். கடைத்தெருவில் எடைக்கல்லைச் சோதிக்கும் முஹ்தஸிபின் அதிகாரத்தை இமாம் மாவர்தீ 'அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் விரித்துரைத்துள்ளார். அங்கே ஒரு வரம்பு கவனிக்கத்தக்கது. வெளிப்படையான தவற்றைத் தடுக்கவே முஹ்தஸிபுக்கு உரிமை. ஒருவர் குற்றஞ்சாட்ட மற்றவர் மறுப்பாராயின், சாட்சியும் சத்தியமும் தேவைப்படும் அவ்வழக்கு காழியிடமே செல்லவேண்டும். காழிக்கோ, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்ற கட்டு உண்டு. அலீ (ரலி) அவர்களை யமனுக்குக் காழியாக அனுப்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரையும் இதுவே. முஹ்தஸிபின் வேகத்தோடு காழியின் வேலையைச் செய்கிறவர்களை எந்த நூலில் தேடுவது?

இவ்வளவும் அரசைப் பற்றி. விகடனுக்காக வருந்தும் நம் வீடுகளில் 2013-ஐயும் நினைத்துப் பார்க்கவேண்டும். தணிக்கை வாரியம் சான்றளித்திருந்த 'விஸ்வரூபம்' படத்தைத் தடுக்குமாறு நம் அமைப்புகள் அரசை வேண்டின. மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையாணை பிறப்பித்தனர். அமைப்புகளின் நிர்வாகிகளும் கமல்ஹாசனும் அதிகாரிகளும் கூடிப் பேசி, ஏழு இடங்களில் மாற்றம் என்று முடிவாயிற்று. பிப்ரவரி 7-இல் படம் தமிழகத்தில் வெளிவந்தது. புண்பட்டோம் என்பது மெய். நம்மைத் திரையில் வரையும் முறையில் பழுது உண்டென்பதும் மெய். ஆனால் நம் சார்பில் அன்று எந்தக் காட்சி போகலாம், எந்த ஒலி அடங்கலாம் என்று பேரம் பேசியவர்களுக்கு அவ்வுரிமையை அளித்தது யார்? பேச்சு முழுவதும் வெட்டுகளைச் சுற்றியே நடந்தது. ஒரு முஸ்லிம் பாத்திரம் தொழுத கையோடு துப்பாக்கியை ஏந்துவதாகவே தமிழ்த் திரைக்கதை ஏன் மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது என்ற விமர்சனத்தை நாம்தான் எழுதியிருக்க வேண்டும். தடை கேட்ட கையால் அதை எழுத இயலாமற்போயிற்று.