பச்சை என்கிற பெயரடை

காப்பாரில் வளர்ந்தவனுக்குத் திசை தெரிய சூரியன் தேவையில்லை. கடல் பக்கம் புகைபோக்கி, எதிர்ப்பக்கம் செம்பனை. சின்ன வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே சுற்றினாலும் புகைபோக்கியைப் பார்த்தே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அங்கே என்ன எரிகிறது, அது யாருக்காக எரிகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ‘தெனாகா’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வோம்.

பிறகு உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்துவிட்டு கோலாலம்பூரில் ஓர் ஆலோசக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கைக்கு வந்த முதல் பெரிய வேலை, கட்டிக்கொண்டிருந்த ஓர் அலுவலகக் கோபுரத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்க ஆவணம் தயாரிப்பது. ஏழெட்டு மாதம் அதையேதான் செய்தேன். கண்ணாடியின் வெப்ப அளவு, சாயத்தின் வேதிப்பொருள் அளவு, குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். ஒருநாள் சைட்டில் மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் என் மேசையிலிருந்த கோப்புகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, எல்லாம் பேப்பரா இருக்கே, இதுல கட்டடம் எங்கப்பா இருக்கு?”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி என்று பிறகுதான் தோன்றியது. இலக்கியம் வாசிக்கிறவர்களுக்குப் பெயரடைகள் மீது எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ‘அழகிய மலர்’ என்று ஒருவர் எழுதினால், அவர் மலரைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்றுதான் முதலில் நினைப்போம். ‘பசுமைக் கட்டடம்’ என்ற தொடரில் மட்டும் அந்தச் சந்தேகத்தை ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்? ஒரு சிறுகதைத் தொகுப்பை மதிப்பிடுவதுபோல் இந்தக் கட்டடங்களையும் மதிப்பிட்டால் என்ன?

முதலில் பிரதியை நியாயமாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீடு 2009இல் வந்தது. கட்டடக் கலைஞர் சங்கமும் ஆலோசகப் பொறியியலாளர் சங்கமும் சேர்ந்து உருவாக்கியது. புதிய அலுவலகம், கடைவளாகம் போன்ற குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 100 புள்ளி. எரிசக்திச் சிக்கனத்துக்கு 35, உள்ளிருப்பவர்களின் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் 21, மனைத் திட்டத்துக்கு 16, பொருட்களுக்கு 11, தண்ணீருக்கு 10, புதுமைக்கு 7. மொத்தம் 50 வாங்கினால் சான்றிதழ், 66இல் வெள்ளி, 76இல் தங்கம், 86இல் பிளாட்டினம். வடிவமைப்பு நிலையில் ஒரு தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். கட்டி முடித்துச் சரிபார்த்த பிறகு இறுதிச் சான்றிதழ். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2013இல் வீடமைப்பு மேம்பாட்டாளர்களின் சங்கம் ‘கிரீன்ஆர்இ’ என்று தனக்கெனத் தனி மதிப்பீட்டு முறையைத் தொடங்கிக்கொண்டது. எழுத்தாளர்களே சேர்ந்து ஒரு விமர்சன இதழ் நடத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நல்ல விமர்சனம் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசகன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

இந்த வகைமையில் நல்ல படைப்புகள் இருக்கின்றன. சுபாங் ஜெயாவில் கென் யாங் வடிவமைத்த மெனாரா மெசினியாகா 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. குறியீடெல்லாம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு. 15 மாடி. காலை வெயில் தாக்கும் கிழக்குப் பக்கத்தில் மின்தூக்கியையும் படிக்கட்டையும் கழிப்பறைகளையும் வைத்து, அவற்றையே நிழல் தரும் சுவராக மாற்றியிருக்கிறார். அந்த இடங்களுக்கு ஏர்கோண்ட் கிடையாது. காற்று இயல்பாக வந்து போகும். மாடிக்கு மாடி திருகிக்கொண்டு மேலேறும் தோட்டங்கள். 1995இல் ஆகா கான் விருது கிடைத்தது. அந்தக் கட்டடத்தைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்குப் பிடித்த விஷயம், அது தன் பசுமையைச் செடியால் நிரூபிக்க முயலவில்லை என்பதுதான். செடிகளை எடுத்துவிட்டாலும் அதன் யோசனை நிற்கும், ஏனென்றால் சூரியன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்து அது எழுதப்பட்டிருக்கிறது.

புத்ராஜெயாவிலுள்ள எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் இன்னொன்று. கவிழ்த்து வைத்த பிரமிடு மாதிரி இருக்கும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். சுவர்கள் 25 பாகை வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே உள்ள மாடிக்கு நிழல் தருகிறது. கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் புதைத்து, இரவில் குளிர்ந்த நீரை ஓடவிட்டுத் தளத்தையே குளிர வைக்கிறார்கள்; பகலில் அது மெல்ல மெல்லக் குளிர்ச்சியை வெளிவிடும். அதற்கு முன்பே, 2004இல், டென்மார்க்கின் உதவியோடு அதே நகரில் அமைச்சு ஒன்றுக்குக் குறைந்த மின்சார அலுவலகம் ஒன்று கட்டப்பட்டது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 யூனிட் மின்சாரம் என்பது அதன் இலக்கு. வழக்கமான அலுவலகங்கள் இங்கே அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளும்.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பசுமை இவற்றின் வடிவத்திலேயே இருக்கிறது, பிறகு ஒட்டியதல்ல. நான் ஆவணம் தயாரித்த கட்டடத்தில் அது ஒட்டப்பட்டிருந்தது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதை மாற்ற முடியாது, வாடிக்கையாளருக்கு அந்தக் காட்சி வேண்டும். ஆகவே விலை உயர்ந்த கண்ணாடி, விலை உயர்ந்த குளிரூட்டி, சென்சார் விளக்கு என்று புள்ளிகளை வேறு இடங்களில் தேடினோம். கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தில் சில பெட்டிகளுக்குப் பச்சைச் சாயம் பூசி, குறைந்த மாசு வெளியிடும் வாகனங்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தோம். புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தவன் நான்தான். கட்டடம் திறந்த பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்டிகளில் பெரிய நாற்சக்கர இயக்க வாகனங்கள் நின்றுகொண்டிருந்தன. மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருப்பதால் அதுதான் வசதியான இடம்.

இதை ஊழல் என்று சொல்ல மாட்டேன். யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு தாளும் உண்மை. எல்லா வாக்கியமும் இலக்கணப்படி சரியாக இருந்தும் கதை உயிரில்லாமல் கிடப்பதை நாம் வாசித்ததில்லையா? அதேதான் இது.

இப்போது புகைபோக்கிக்கு வருகிறேன். அது சுல்தான் சலாவுடின் அப்துல் அஸிஸ் மின் நிலையம். மொத்தத் திறன் 2,420 மெகாவாட், அதில் 1,600 மெகாவாட் நிலக்கரி. நிலக்கரி கப்பலில் வருகிறது. தீபகற்பத்தின் மின்கட்டமைப்பு ஒன்றுதான். கோலாலம்பூரில் ஓர் அறையைக் குளிர வைக்க எங்காவது ஏதாவது எரிந்தாக வேண்டும். நாட்டின் மின் உற்பத்தியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ.

ஆவணம் தயாரித்த மாதங்களில் நான் தினமும் காப்பாரிலிருந்துதான் வேலைக்குப் போய் வந்தேன். ஆனாலும் என் கோப்புகளில் காப்பார் எங்கேயும் இல்லை. கட்டடத்தின் கதை மனையின் வேலியோடு முடிந்துவிடும். மின்சாரம் சுவரிலிருந்து பிறப்பதுபோல் வரும், குப்பை லோரியில் ஏறியதும் மறைந்துவிடும். எந்தக் கதையிலும் சட்டகத்துக்கு வெளியே யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்க நமக்குத் தெரியும். வீட்டைத் துடைக்கும் பெண்ணுக்கு ஏன் பெயர் இல்லை என்று கேட்போம். இங்கே அந்தப் பெண்ணின் இடத்தில் ஒரு ஊரே நிற்கிறது.

நியாயமாகப் பார்த்தால் இந்த வாதம் எனக்கு எதிராகவும் திரும்பும். 20,000 சதுர மீட்டர் அலுவலகம் ஒன்று 200 யூனிட்டிலிருந்து 100க்கு உண்மையாகவே இறங்கினால் ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட் மிச்சம். அந்த மின்சாரம் முழுக்க நிலக்கரியிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,000 டன் எரியாமல் தப்பும். ஆகவே எரிசக்திக்கு 35 புள்ளி கொடுத்தது சரியான முடிவுதான். என் புகார், அந்த 1,000 டன் உண்மையிலேயே மிச்சமானதா என்று வெளியில் இருக்கும் யாருக்கும் தெரியாது என்பது. சான்றிதழின் பலகை வரவேற்பறையில் தொங்கும், மின்கட்டணத் தாள் கணக்குப் பிரிவின் அலமாரியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் போதும், பாதி விமர்சனம் தேவைப்படாது.

இன்னொரு முரணும் உண்டு. நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் பறக்கும் சாம்பலைச் சிமெண்டுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் சேர்க்கலாம். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் மொத்த வெளியீட்டில் சிமெண்டுக்கு மட்டும் சுமார் 8 விழுக்காடு என்கிறார்கள். ஆகவே சாம்பல் சேர்ப்பது உண்மையிலேயே நல்லது. மறுசுழற்சிப் பொருளாக அதற்குப் புள்ளியும் தேடலாம். நிலக்கரியின் சாம்பல் பசுமைக் கட்டடத்தின் தூணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. காப்பார் மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில் சைபீரியப் பக்கமிருந்து வரும் உள்ளான்களும் மற்ற கரைப்பறவைகளும் கடலேற்ற நேரத்தில் வந்து தங்குகின்றன. பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணி வருகிறார்கள். அலையாத்திக் கரையின் சேற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் அவற்றுக்கு நிற்க இடம் வேண்டும், அவ்வளவுதான். இதை வைத்து மின் நிலையத்தைப் புனிதமாக்கவும் முடியாது, வில்லனாக்கி முடிக்கவும் முடியாது. பெயரடை தோற்கும் இடம் இதுதான்.

கடைசியாக எங்கள் வீடு. தாமானில் வரிசை வீடு, மேற்குப் பார்த்த முகப்பு, ஒற்றைச் செங்கல் சுவர், கையகல இறவாரம். “ராத்திரி ஒம்போது மணிக்கும் செவுரு சுடுது, கைய வச்சுப் பாரேன்” என்று அம்மா சொல்வார். செங்கல் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் உள்ளே விடுகிறது. “நீதான் பச்சைக் கட்டடம் கட்டுறவனாச்சே, இதுக்கு ஒன்னும் செய்ய மாட்டியா?” என்றார் ஒருநாள். கட்டடத் துணைச் சட்டங்களில் 38ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கூரையின் வெப்பத் தடுப்பை அது எல்லாக் கட்டடங்களுக்கும் கேட்கிறது. சுவர் வழியாக வரும் வெப்பத்தைக் கணக்குப் பார்ப்பது குளிரூட்டப்பட்ட இடம் 4,000 சதுர மீட்டரைத் தாண்டும் கட்டடங்களுக்குத்தான். அம்மாவின் வீடு அதில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது. அந்தப் பிரிவு வருவதற்கு முன் கட்டிய வீடு வேறு. கடைசியில் ஏர்கோண்ட் மாட்டினோம். புகைபோக்கிக்கு எங்கள் பங்கும் சேர்ந்தது.

இந்த இடத்தில் பாட்டியின் லயத்து வீட்டை எடுத்து வைத்து, அதுதான் உண்மையான பசுமைக் கட்டடம் என்று முடிப்பது சுலபம். பலகைச் சுவர் வெப்பத்தைச் சேர்த்து வைக்காது; பொழுது சாய்ந்ததும் வீடு குளிர்ந்துவிடும். பாட்டியிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். “ஆமாய்யா, குளுகுளுன்னுதான் இருந்துச்சு. கரண்டு இல்ல, கக்கூசு இல்ல, கங்காணி பார்வையில படுத்துக் கெடந்தோம்,” என்றார். மின்சாரம் குறைவாகச் செலவழித்தது அந்த வீட்டின் வடிவமைப்பு மட்டுமல்ல, அதில் இருந்தவர்களின் வறுமையும்தான். தோட்ட வாழ்க்கையை அழகாக்கி எழுதும் கதைகள் மீது நமக்கு இருக்கும் கோபத்தைப் பசுமைக் கட்டுரைகள் மீதும் வைக்க வேண்டும். பலகைச் சுவரின் அறிவை எடுத்துக்கொள்ளலாம், லயத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

இன்றைக்கும் அதே கேள்வி சைட்டில் நிற்கிறது. பிளாட்டினம் கட்டடத்தைக் கட்டுகிற வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளி தகரக் கொங்சியில் தூங்குகிறார். குறியீட்டில் தொழிலாளர் வசதிக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 100இல் அது மிகச் சிறிய இடம், விட்டுவிட்டாலும் மற்ற இடங்களில் சேர்த்துத் தங்கம் வாங்கிவிடலாம்.

சான்றிதழே வேண்டாம் என்பது என் முடிவல்ல. 2009க்கு முன்பு இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு படிவம்கூடப் பொதுவில் இல்லை. எனக்கு வேண்டியவை இரண்டு. சான்றிதழ் பெற்ற ஒவ்வொரு கட்டடமும் ஆண்டுதோறும் தன் மின்சாரக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தாமான் வீட்டுச் சுவருக்கும் ஒரு சட்டம் வேண்டும். இரண்டுக்கும் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

அந்த மேற்பார்வையாளரைப் போன மாதம் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். இப்போது இன்னொரு பசுமைக் கோபுரத்தில் வேலை. “பேப்பர் முடிஞ்சிருச்சு தம்பி, கட்டடம்தான் இன்னும் பாக்கி,” என்று சிரித்தார். இந்த முறை அவரிடம் கேட்டுவிட்டேன்: “மேற்குப் பக்கம் என்னண்ணே வைக்கிறாங்க?”

“கண்ணாடிதான்,” என்றார்.