ஒரே ஆண்டு, இரண்டு நடைகள்

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1888ஆம் ஆண்டை இரண்டு விதமாக நடந்து பார்க்கலாம். ஒன்று, வைட்சாப்பல் சந்துகளில் சுற்றுலாக்காரர்களுக்காக நடத்தப்படும் 'ஜாக் த ரிப்பர்' நடை. கொலைகாரன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் அவன்தான் நாயகன். கொலையுண்ட ஏழைப் பெண்கள் அவன் கதைக்குத் தேவையான பிணங்கள், அவ்வளவுதான். மற்றது, அதே ஆண்டு ஜூலையில் 'போ' என்கிற பேட்டையில், பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த சுமார் 1,400 பெண்கள், சிறுமிகளின் தடத்தில் போவது. உழைப்பாளிகளின் போராட்டத்தைத் தெருவில் நின்றே சொல்கிற நடை இது.

நகரத்தில் நடப்பதைப் பேசுவதற்கு ஒப்பிட்டவர் மிஷேல் த செர்த்தோ (1980). மேலிருந்து பார்ப்பவனுக்கு நகரம் வெறும் வரைபடம்; கீழே நடப்பவன் தன் போக்கில் அதை மாற்றி எழுதுகிறான் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிகாட்டி முன்னே போக, காசு கொடுத்த கூட்டம் பின்னே போனால் அது யாருடைய பேச்சு? ரிப்பர் நடையும் நடைதானே. எந்தப் பெயரைச் சுற்றிப் பாதை போடப்படுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொழிலாளர் நடைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தீப்பெட்டிப் பெண்களின் கதை நெடுங்காலம் அன்னி பெசன்ட்டின் கதையாகவே சொல்லப்பட்டது. நமக்குத் தெரிந்தவர்தான், சென்னையில் ஒரு நகரே அவர் பெயரில் இருக்கிறது. 1888 ஜூன் 23ல் 'த லிங்க்' இதழில், குறைகூலியையும் அபராதங்களையும் அம்பலப்படுத்தி எழுதினார். அது பொய்யென்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். பெசன்ட் கோரியதோ தீப்பெட்டியைப் புறக்கணிக்க வேண்டும் என்பதுதான். வேலைநிறுத்தம் அந்தப் பெண்களுடைய முடிவு என்று நிறுவுகிறது லூயிஸ் ராவின் ஆய்வு. இரண்டே வாரத்தில் அபராதங்கள் ஒழிந்தன, சங்கம் பிறந்தது. போராட்டக் குழுவிலிருந்த சாரா சாப்மன் 1945ல் இறந்து, அடையாளக் கல்லில்லாத பொதுக் குழியில் புதைக்கப்பட்டார்.

தொழிற்சாலை 1979ல் மூடப்பட்டு, பிறகு காவல் போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பானது. 2022ல் அங்கே போராட்டத்தின் நினைவாக நீலப் பலகை பதித்தார்கள். எந்தப் பெண்களின் தாடையைப் பாஸ்பரஸ் அரித்ததோ, அவர்களின் வம்சத்தில் எத்தனை பேர் அங்கே வீடு வாங்க முடியும்? இன்னொரு நினைவும் பக்கத்தில் இருக்கிறது: போ தேவாலயத்துக்கு வெளியே, பிரையன்ட் குடும்பத்தவர் 1882ல் கொடுத்த கிளாட்ஸ்டன் சிலை. அதற்காகத் தங்கள் கூலியில் ஒரு ஷில்லிங் பிடித்ததாகப் பெண்கள் சொன்னதைப் பெசன்ட் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிலையின் கைகளில் யாரோ சிவப்புச் சாயம் பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது. பலகை, நிறுவனம் அங்கீகரித்த நினைவு. சாயம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நல்ல நடை இரண்டின் முன்னும் நின்று, இந்த வித்தியாசத்தைப் பேசவைக்கும். பலகையோடு முடிகிற நடை, வீட்டு விலையை ஏற்றத்தான் உதவும்.

இது லண்டன் விவகாரம் மட்டுமல்ல. 1918ல் பெரம்பூரில் உருவான சென்னைத் தொழிற்சங்கத்தின் கதையையும், பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவிலிருந்தே தொடங்கிப் பழகிவிட்டோம். அங்கேயும் ஒருநாள் இப்படி நடக்கப் போகிறோமென்றால், மில் வாசலில் தொடங்குவோம். சொற்பொழிவு மேடைக்கு அப்புறம் வரலாம்.