மூழ்குகிறவனும் படகில் வருகிறவனும்

இரட்சிப்புக் கதை என்றாலே பலருக்குச் சலிப்பு. முடிவுதான் முன்பே தெரியுமே! ஆனால் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ அப்படி ஒதுக்கிவிடக்கூடிய நூல் இல்லை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவித்தான் 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைத் தந்தார்.

கிறிஸ்தியானின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. பாவம் தீர்ந்தாச்சு, கதை முடிஞ்சுதா? இல்லை, பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். சந்தேகக் கோட்டையில் அடிபட்டு, செத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறான். பூட்டைத் திறக்கும் ‘வாக்குத்தத்தம்’ என்ற சாவி அத்தனை நாளும் அவன் நெஞ்சருகேதான் இருந்திருக்கிறது. கடைசி ஆற்றில் மறுபடியும் நம்பிக்கை இழந்து மூழ்குகிறான். கூட வந்த தோழன்தான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். ஆக, பன்யன் காட்டும் நிலைத்திருத்தல் தனியொருவனின் வைராக்கியம் அல்ல. விழுகிறவனைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

அதனால்தான் முடிவு உறுத்துகிறது. ‘அறியாமை’ என்பவன் அதே ஆற்றைப் படகில் சுலபமாகக் கடக்கிறான். தன்மேல் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. பரலோக வாசலில் அவன் கைகால்களைக் கட்டி நரகத்துக்கு அனுப்புகிறார்கள். பயமே இல்லாத விசுவாசத்தைப் பன்யன் நம்பவில்லை. சரி, புரிகிறது. ஆனால் வழியில் அவனோடு பேசிப் பார்த்த இருவரும் அவனைப் பின்னால் விட்டுவிட்டு நடந்தார்களே! தோழமையே காப்பாற்றும் என்று காட்டிய கதை, அவனுக்கு மட்டும் ஏன் ஒரு தோழனைத் தரவில்லை?