தன்னையே குத்திக்கொள்ளும் வீரன்

கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகையைக் கழுவி வைத்த கையோடு பையன்கள் ‘டெக்கன் 3’ என்ற சண்டை வீடியோ கேம் ஆட உட்கார்ந்தால், அதில் யோஷிமிட்சு என்ற வாள்வீரனை எடுப்பவனைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இருப்பவரிடம் திருடி இல்லாதவருக்குக் கொடுக்கும் மாஞ்சி கூட்டத்தின் தலைவன் யோஷிமிட்சு. இழந்த கைக்குப் பதிலாக டாக்டர் பாஸ்கோனோவிச் பொருத்திய இயந்திரக் கை. நாம்கோ 1994-இல் கொண்டுவந்த முதல் ‘டெக்கன்’ ஆட்டம் தொட்டு 2024-இன் எட்டாவது வரை வருகிறான், ஆட்டத்துக்கு ஆட்டம் புதுக் கவசத்தோடு. (தெருக்கூத்தில்கூட ஒரே பாத்திரத்துக்கு இத்தனை வேஷம் கட்டமாட்டார்கள்.)

எனக்குப் பிடித்தது அவன் கிறுக்குத்தனம். சண்டை நடுவே சம்மணமிட்டு உட்காருவான். வாளைச் சுழற்றியே மேலே பறப்பான். அதே வாளைத் தன் வயிற்றிலும் இறக்கிக்கொள்வான். எதிரி ஒட்டி நின்றால் அவனுக்கும் பலத்த அடி. விலகிவிட்டால் நஷ்டம் இவனுக்கு மட்டும். இருவருக்கும் நூலளவு உயிர் மிச்சமிருக்கும்போது அந்தப் பொத்தானை அமுக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.