தேரி நிலமும் கால்டுவெலின் இரு நூல்களும்

பொருநைக் கழனிகளுக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கிடக்கும் செம்மணல் தேரியைப் பாலை என்பாருளர். அது பொருந்தாது. பாலை வழிச்செல்வோர் நிலம். தேரி பனையால் வாழும் குடிகளின் நிலம். ஆதலின் தேரியின் வரலாறு அக்குடிகளின் வரலாறே ஆதல் வேண்டும்.

தேரியை அடுத்த இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இந்நாட்டைப் பற்றி இரு நூல்கள் இயற்றினார். 1849-இல் வந்த நூல் பனையேறும் மக்களின் சமயத்தையும் இயல்பையும் கூறும். ஆயின் அவர்தம் தொன்மையை இலங்கைக் குடியேற்றமாகச் சுருக்கி, அவர்தம் எதிர்ப்புக்கு ஆளாயிற்று. 1881-இல் வந்த திருநெல்வேலிச் சரித்திரம், 1801-இல் நாடு ஆங்கிலேயர் வசமானது வரை, அரசரையும் பாளையக்காரரையும் தொடர்ந்து உரைக்கும். தேரிக் குடிகளுக்கு அதில் இடம் சிறிதே. முன்னதில் மக்கள் உளர், வரலாறு குன்றிற்று. பின்னதில் வரலாறு உண்டு, மக்கள் மறைந்தனர்.

ஊர்ப்பெயரும் கதைப்பாடலும் சான்றாகக் கொள்ளப்படுமாயின் இவ்விடைவெளி நிரம்பும்.